பூனைகள் மதராசுக்குப் போகவில்லை

எனக்கு வேலை மெய்ப்பு பார்ப்பது. சென்னையிலிருந்து பதிப்பகத்துக்காரர்கள் பிடிஎஃப் அனுப்புவார்கள், நான் காரைக்குடியில் உட்கார்ந்து ஒற்று மிகுமா மிகாதா, சின்ன ரவா பெரிய றவா என்று பார்த்துத் திருப்பி அனுப்புவேன். கூலி பாரக் கணக்கு. ஒரு பாரம் என்றால் 16 பக்கம். வேலை ராத்திரி பத்து மணிக்கு மேல் அவசரம் அவசரம் என்று வரும், பணம் மட்டும் எந்த அவசரமும் இல்லாமல் வரும். திரையில் படித்தால் பிழை தப்பிவிடுகிறது என்பதால் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து தரையில் பரப்பிக்கொள்வேன். பரப்பின கையோடு என் பூனை பொட்டு வந்து மேலே உட்கார்ந்துவிடும். ஆத்தங்குடிக் கல் ஜில்லென்று கிடக்கிறது, அத்தனை பெரிய வீடும் காலியாகக் கிடக்கிறது, ஆனாலும் அதற்கு அந்தத் தாள்தான் வேண்டும்.

பொட்டு மூன்று நிறப் பூனை. வெள்ளை, கருப்பு, செம்மஞ்சள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது அநேகமாகப் பெண்தான், செம்மஞ்சளையும் கருப்பையும் தீர்மானிக்கிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, இரண்டு நிறமும் ஒன்றாக வர இரண்டு எக்ஸ் வேண்டும். இன்னொன்று கடுவன். பெயரே அதுதான், வேறு பெயர் வைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் குடியிருப்பது ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில், வாடகைக்கு. முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும் பூட்டியே கிடக்கும். இந்தப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், ஓர் அறை உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில் கட்டினார்கள், 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததோடு அந்த வரவு நொடித்துப்போனது. அந்தப் புள்ளிகளின் பேரன் பேத்திகள் இன்றைக்குச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், கல்யாணம் காட்சி என்றால் வந்து பூட்டைத் திறக்கிறார்கள். பங்காளிகளுக்குள் வீட்டில் யாருக்கு எந்தப் பகுதி என்று பேசி முடியவில்லை. கடுவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடப்பதால் ஓட்டு வழியாக இறங்கி எல்லாப் பங்கிலும் படுத்து எழுந்து வருகிறது.

இந்த ஊரிலிருந்து எல்லாமே கடைசியில் மதராசுக்குத்தான் போயிருக்கிறது என்று அடிக்கடி தோன்றும். சினிமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.வி.எம். ஸ்டுடியோவின் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார், 'நாம் இருவர்' அங்கே எடுத்து 1947-இல் வெளிவந்த படம். அடுத்த வருடமே ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இப்போது சினிமாக்காரர்கள் அங்கிருந்து வேன் பிடித்து வந்து நம் வளவுகளை நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். அப்படி எடுக்கிற படங்களில் எனக்கு ஒரு தீராத எரிச்சல் உண்டு. பெரிய தேக்குத் தூணைக் காட்டினால் உடனே அதன் பக்கத்தில் ஒரு முறுக்கு மீசையும் நாலு அரிவாளும் வந்து நிற்கும். ஐயா, இது வட்டிக் கணக்கும் பேரேடும் எழுதியவர்கள் கட்டிய வீடு! அரிவாளுக்கு இங்கே என்ன வேலை? ஒரு தடவை பக்கத்து வீட்டில் ஷூட்டிங் நடந்தபோது, பெரியவர் உயிர் பிரிகிற கட்டத்தில், எங்கள் கடுவன் முற்றத்துக்குக் குறுக்கே பல்லியைக் கவ்விக்கொண்டு நிதானமாக நடந்து போயிருக்கிறது. உதவி இயக்குநர் பையன் ஓடி வந்து, "யக்கா, உங்க பூனையாக்கா? கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சுக்கங்கக்கா" என்றான். அந்தப் படத்தில் உண்மையான செட்டிநாட்டு வீடு தெரிந்த ஒரே ஷாட் அதுவாகத்தான் இருந்திருக்கும், வெட்டிவிட்டார்கள்.

புத்தகமும் அப்படித்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு தனி மனிதராக இருந்துகொண்டு புத்தகம், பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமானபின் அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, இன்றைக்கு அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். நம் ஊர்ச் சொத்தைக் கொண்டுபோய்விட்டார்களே என்று வருத்தப்படுகிறவர்களை நான் இங்கே பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தமில்லை. போனது நல்லது. பழைய பைண்டிங் மைதாப் பசையில் ஒட்டியது, எலிக்கு அது சாப்பாடு. மிச்சத்தை ராமபாணப் பூச்சியும் கரையானும் பார்த்துக்கொள்ளும். பூட்டின அறைகளில் எத்தனை பெட்டகத்துப் புத்தகங்கள் பொடியாகப் போயிருக்கின்றன என்பது வீடு பிரித்து விற்கிற இடத்தில் போய் நின்றால் தெரியும். பூனை வளர்த்தால் போதுமே என்பார்கள். பொட்டு சுண்டெலி பிடிக்கும், கரப்பான் பிடிக்கும், பெருச்சாளி வந்தால் என் பின்னால் வந்து நின்றுகொள்ளும்.

இங்கேயே தங்கிவிட்டவர் என்றால் கம்பர்தான். சமாதி நாட்டரசன்கோட்டையில். காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் பங்குனியில் விழா எடுக்கும், அத்த நட்சத்திர நாளன்று கூட்டம் நாட்டரசன்கோட்டைக்குப் போகும். நானும் போவேன், பாதிப் பேச்சுகள் நீளம், ஆனாலும் போவேன். போகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அவையடக்கத்துப் பூனை ஞாபகம் வந்துவிடும். அத்தனை பெரிய காவியத்தை எழுத உட்கார்ந்தவர் தன்னைச் சிங்கம் யானை என்றெல்லாம் சொல்லவில்லை, பாற்கடல் முழுவதையும் நக்கிவிடலாம் என்று புறப்பட்ட பூனை என்கிறார். பூனை வளர்க்காதவர்கள் இதை வெறும் பணிவு என்று படிக்கிறார்கள். வளர்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பூனைக்குத் துளி வெட்கமும் இருந்திருக்காது. கடலாவது ஒன்றாவது என்று ஒரு ஓரமாக உட்கார்ந்து ஆரம்பித்திருக்கும். ஒன்றை மட்டும் கால்நடை மருத்துவர் சொன்னபிறகு தெரிந்துகொண்டேன்: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போகும். பாற்கடல் என்ன ஆகியிருக்குமோ! என் வீட்டில் பால் கிடையாது, தொண்டிப் பக்கமிருந்து வரும் சூடை மீனை அவித்துச் சோற்றில் பிசைந்து போடுகிறேன். எதிர்வீட்டு ஆச்சி பாசத்தில் கந்தரப்பத்தைப் பிட்டு வைப்பார், இரண்டும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. "என்னத்தா, உன் பூனைக்கு இவ்வளவு திமிரு" என்று ஆச்சி என்னிடம் கோபித்துக்கொள்கிறார்.

பொட்டு போன மாதம் குட்டி போட்டது, பத்தாவது புள்ளியின் அறையில், யாருடைய ஜமுக்காளத்திலோ. இரண்டைப் பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் ஒன்றைச் சென்னைப் பதிப்பகத்து நண்பர் கேட்கிறார், நாலு பாரக் கூலி பாக்கி வைத்திருக்கிறவர். பல்லவன் எக்ஸ்பிரஸில் பூனையை ஏற்ற விடமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். விடுவார்களா என்று ஸ்டேஷனில் இதுவரை நான் கேட்கவில்லை.