யுபிக்விட்டினைக் கழற்றும் நொதிகள்

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் என் அக்கா மகனின் குறிப்பேட்டில் ஒரு படம் இருக்கிறது. ஒரு புரதம், அதன்மேல் சங்கிலியாகக் கோத்த யுபிக்விட்டின் என்னும் சிறு வட்டங்கள், அங்கிருந்து வலப்பக்கம் செல்லும் ஓர் அம்பு, அம்பின் முனையில் புரோட்டியசோம் என்னும் உருளை, அதற்கப்பால் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் புரதத்தின் மிச்சம். தேர்வுக்கு இது போதும். ஆனால் அவன் கேட்ட கேள்வி தேர்வைத் தாண்டியது: “சித்தி, ஒரு தடவை ஒட்டிவிட்டால் அவ்வளவுதானா? திரும்பக் கழற்ற முடியாதா?” முடியும், அதற்கென்றே மனித உடலில் ஏறத்தாழ நூறு நொதிகள் இருக்கின்றன, என் வேலைநேரத்தில் பாதி அவற்றுள் ஒன்றிரண்டோடுதான் கழிகிறது என்றேன். சாப்பாட்டு மேசையில் அதற்குமேல் சொல்ல வாய்க்கவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

யுபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்களாலான சின்னஞ்சிறு புரதம். ஈஸ்ட்டில் இருக்கும் யுபிக்விட்டினுக்கும் நம்முடையதற்கும் இடையே மூன்றே அமினோ அமிலங்கள்தாம் வேறுபடுகின்றன. இத்தனை கோடி ஆண்டுப் பரிணாமம் கைவைக்கத் துணியாத வரிசை அது. மூன்று வகை நொதிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, யுபிக்விட்டினின் வால்முனையை வேறொரு புரதத்தில் உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு பிணைக்கின்றன. எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் மூன்றாம் வகையில் மட்டும் 600க்கும் மேற்பட்ட நொதிகள் உண்டு. ஒட்டிய யுபிக்விட்டினின் மேலேயே இன்னொன்றை ஒட்டிச் சங்கிலியாகவும் நீட்டலாம். அந்த இணைப்பு யுபிக்விட்டினின் 48ஆம் லைசின் வழியாக அமைந்தால் பெரும்பாலும் அழிவுக்கான ஆணை; 63ஆம் லைசின் வழியாக அமைந்தால் சமிக்ஞை கடத்தல், டிஎன்ஏ பழுதுபார்ப்பு, உயிரணுச் சவ்வில் இருக்கும் ஏற்பிகளை உள்ளிழுத்தல் போன்ற வேறு வேலைகள். இந்த அழிப்பு முறையைக் கண்டறிந்ததற்காக ஆரோன் சியெகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டுவதற்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூடக் கழற்றுவதற்குக் கிடைக்கவில்லை என்பது என் பழைய மனக்குறை.

கழற்றும் நொதிகளை ஆய்வகத்தில் சுருக்கமாக ‘டப்’ என்போம். அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுத் தாழ்வாரத்தில் கிடக்கும் பழைய அலமாரிமீது நகர மன்றம் ஒட்டும் அறிவிப்பை நினைத்துக்கொள்ளலாம்: இத்தனாம் தேதிக்குள் எடுக்காவிட்டால் அப்புறப்படுத்தப்படும். அந்தத் தாளை யாராவது கிழித்துவிட்டால் துப்புரவு ஊழியர் அலமாரியைத் தொடமாட்டார், அலமாரி பிழைத்துக்கொள்ளும். டப் நொதிகளைப் பற்றிய விளக்கங்களில் பல இதோடு நின்றுவிடுகின்றன: ஒட்டினால் அழிவு, கழற்றினால் வாழ்வு. எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. அலமாரியைத் தூக்கி லாரியில் ஏற்றும் அந்த நொடியிலும் தாளைக் கிழித்தே ஆகவேண்டும் என்பதுதான் உயிரணுவுக்குள் நிலவும் விதி.

புரோட்டியசோமின் மூடிப்பகுதியில் ஆர்பிஎன்11 என்னும் டப் நொதி அமர்ந்திருக்கிறது. உருளையின் வாய் மிகக் குறுகியது. மடிப்பு அவிழ்ந்த புரதம் மட்டுமே அதற்குள் நுழைய முடியும். யுபிக்விட்டினோ எளிதில் அவிழாத இறுக்கமான மடிப்புடையது. மோட்டார்போல் இயங்கும் புரதங்கள் இரையை உள்ளே இழுக்கத் தொடங்கியதும், சங்கிலி வாயருகே வரும்போது ஆர்பிஎன்11 அதை அடியோடு வெட்டி விடுவிக்கிறது. இந்த நொதியைச் செயலிழக்கச் செய்தால் புரதம் பிழைப்பதில்லை. அழிப்பு வேலையே இடைவழியில் திணறி நின்றுவிடுகிறது. அதே புரோட்டியசோமில் யுஎஸ்பி14 என்ற இன்னொரு டப் உண்டு. இழுப்பு தொடங்குவதற்கு முன்பே அது சங்கிலியை நறுக்கிவிடுவதால், சில புரதங்கள் தப்பித்துப் போகின்றன. ஒரே இடம், ஒரே வகை வெட்டு; எப்போது வெட்டுவது என்பதில்தான் வேறுபாடு, விளைவோ நேரெதிர்.

வெட்டி விடுவித்த யுபிக்விட்டின் வீணாவதில்லை, மறுபடியும் புழக்கத்துக்கு வருகிறது. புதிதாக உருவாகும் யுபிக்விட்டினும் தனியாக உருவாவதில்லை: நம் மரபணுக்கள் அதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த வரிசையாகவோ ரைபோசோம் புரதமொன்றின் தலையில் ஒட்டிய நிலையிலோதான் எழுதி வைத்திருக்கின்றன. அவற்றை வெட்டித் தனித்தனியாக்குவதும் டப் நொதிகளின் வேலையே. ஆகவே, கழற்றுவதற்கு ஆளில்லை என்றால் ஒட்டுவதற்குச் சரக்கும் இல்லை.

இந்த நொதிகளின் வேகத்தை ஆய்வக மேசையில் நேரில் காணலாம். உயிரணுக்களை உடைத்து, அவற்றின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, யுபிக்விட்டினைத் தேடும் எதிர்ப்பொருளால் தடவிப் பார்த்தால், மேலிருந்து கீழாகப் புகை படிந்ததுபோல் ஒரு கரும்பட்டை தெரியவேண்டும். பல அளவுச் சங்கிலிகளைச் சுமக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களின் கூட்டு நிழல் அது. ஆனால் உயிரணுவை உடைக்கும் கரைசலில் என்-எத்தில்மேலிமைடு என்னும் வேதிப்பொருள் சேர்க்கப்படாவிட்டால் அந்தப் புகை வெளிறிப்போகும், சிலவேளை காணாமலே போகும். உயிரணு இறந்த பின்னும், பனிக்கட்டிமேல் வைத்த குழாய்க்குள், டப் நொதிகள் தம் வேலையைத் தொடர்ந்து செய்து ஆதாரத்தை அழித்துவிடுகின்றன. டப்களில் பெரும்பாலானவை தம் மையத்தில் உள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டு வெட்டுபவை. மேலிமைடு அந்தச் சிஸ்டீனில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. ஆர்பிஎன்11 உள்ளிட்ட சிறு குடும்பமொன்று துத்தநாகத்தைக் கொண்டு வெட்டுவதால், அவற்றுக்கு உலோகத்தைப் பிடித்து அகற்றும் வேறு சேர்மம் தேவைப்படுகிறது. புதிதாகச் சேரும் மாணவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு ஜெல்களைத்தான். பாடம் நடத்த வேண்டிய அவசியமே இருக்காது.

இனி பி53க்கு வருவோம். டேவிட் லேன் 1979இல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். பின்னாளில் சிங்கப்பூருக்கு வந்து பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில் ஆய்வுப் பணியை வழிநடத்தியவர் என்பதால், இங்கே பி53 சற்றே சொந்தக்காரப் புரதம். டிஎன்ஏ சேதமடைந்தால் உயிரணுப் பிரிவை நிறுத்துவது, சரிசெய்ய முடியாதபோது உயிரணுவைத் தற்கொலைக்குத் தள்ளுவது எனப் புற்றுநோய்த் தடுப்பில் அதற்கு முதலிடம். நலமான உயிரணுவில் அதன் அரைவாழ்வு வெறும் 20 நிமிடம் அளவே, ஏனென்றால் எம்டிஎம்2 என்னும் நொதி இடைவிடாமல் அதில் யுபிக்விட்டினை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. யுஎஸ்பி7 என்னும் டப் நொதி பி53இலிருந்து யுபிக்விட்டினைக் கழற்றி அதைக் காக்கிறது என்று 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. அப்படியானால் யுஎஸ்பி7ஐ நீக்கினால் பி53 குறையவேண்டும் அல்லவா? 2004இல் அதை முற்றிலும் நீக்கிப் பார்த்தபோது பி53 கூடியது.

காரணம் எம்டிஎம்2. அது தன்மீதே யுபிக்விட்டினை ஒட்டிக்கொண்டு தன்னையும் அழிவுக்கு அனுப்பும் சுபாவம் கொண்டது. அதைக் காப்பாற்றி வைத்திருப்பதும் யுஎஸ்பி7தான். யுஎஸ்பி7 போனால் எம்டிஎம்2 முதலில் சரிகிறது, ஒட்டுபவர் இல்லாத நிலையில் பி53 நிமிர்கிறது. ஒரு நொதி, எதிரிகளான இரு புரதங்களையும் காக்கிறது. எந்தப் பக்கம் தராசு சாயும் என்பது அந்த நேரத்தில் உயிரணுவில் எது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. யாராவது ஒரு டப் நொதியைப் ‘புற்றுநோய்க் காரணி’ என்றோ ‘புற்றுநோய்த் தடுப்பான்’ என்றோ ஒரே சொல்லில் முத்திரை குத்தும்போது எனக்கு இந்த இரண்டு ஆண்டுகள்தாம் நினைவுக்கு வரும்.

வைரஸ்களும் யுஎஸ்பி7ஐ நன்கறியும். அது முதலில் கண்ணில் பட்டதே ஹெர்பிஸ் வைரஸின் புரதமொன்றோடு ஒட்டிக்கொண்டிருந்த நிலையில்தான். தென்சீன வம்சாவளியினரிடையே, ஆகவே சிங்கப்பூரிலும், கூடுதலாகக் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயுடன் தொடர்புடையது எப்ஸ்டீன்-பார் வைரஸ். அதன் இபிஎன்ஏ1 புரதம், யுஎஸ்பி7இல் பி53 அமரும் அதே பள்ளத்தில் பி53ஐவிட இறுக்கமாக அமர்ந்துகொள்கிறது.

கொரோனா வைரஸ்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தமக்கென்று சொந்தமாகவே டப் நொதி வைத்திருக்கின்றன. 2003இல் சார்ஸ் இங்கே 238 பேரைத் தொற்றி 33 பேரைப் பலிகொண்டது. அந்த வைரஸ் தன் புரதங்களை நீளமான ஒரே இழையாகத்தான் முதலில் உருவாக்குகிறது. பிஎல்-புரோ என்னும் அதன் நொதி அந்த இழையை மூன்று இடங்களில் வெட்டுகிறது. வெட்டும் இடங்களில் லியூசின், ஏதோ ஓர் அமினோ அமிலம், பிறகு இரண்டு கிளைசின்கள் என்ற வரிசை இருக்கும். யுபிக்விட்டினின் வால்முனையும் லியூசின், ஆர்ஜினின், கிளைசின், கிளைசின் என்றே முடிகிறது. ஆக, வைரஸ் தன் புரதங்களைப் பிரிப்பதற்காக வைத்திருக்கும் அதே கத்தி, நம் நோயெதிர்ப்புச் சமிக்ஞைகளைச் சுமக்கும் யுபிக்விட்டினையும் அதன் உறவுக்காரரான ஐஎஸ்ஜி15ஐயும் கழற்றி எறிகிறது. கோவிட்-19 வைரஸின் பிஎல்-புரோ யுபிக்விட்டினைவிட ஐஎஸ்ஜி15ஐயே அதிகம் விரும்புகிறது. இந்த நொதியைத் தடுக்கும் மருந்து கிடைத்தால், வைரஸின் பெருக்கமும் அதன் மறைந்து வாழும் உத்தியும் ஒருசேர அடிபடும்.

பரம்பரை நோய்களில் கதை நேரானது. சிஒய்எல்டி என்னும் டப் 63ஆம் லைசின் சங்கிலிகளை வெட்டி, அழற்சியைத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி பாதையை அடக்குகிறது. அதன் மரபணு பழுதானால் தலைத்தோலில் கட்டிகள் கொத்துக்கொத்தாக வளர்கின்றன. பிஏபி1 மரபணுவில் பிறவியிலேயே பழுது இருப்பவர்களுக்கு மீசோதீலியோமா, கண்ணின் மெலனோமா ஆகிய புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு அதிகம் என்பது 2011இல் தெரியவந்தது. யுஎஸ்பி8இல் நேர்வது எதிர்த்திசை: பிட்யூட்டரிக் கட்டியில் அது திரிபடைந்து அளவுக்குமீறி வேலை செய்வதால், உள்ளிழுத்து அழிக்கப்பட வேண்டிய வளர்ச்சிக்காரணி ஏற்பி மீண்டும் சவ்வுக்கே திரும்பி, கார்ட்டிசால் ஹார்மோன் மிகும் குஷிங் நோயில் முடிகிறது. ஏ20 மட்டும் சற்று வம்புக்காரப் புரதம். அதில் ஒரு பிரதி பழுதானாலே சிறுவயதில் வாய்ப்புண்ணும் அழற்சியும் தொடங்கிவிடும். ஏ20 அறவே இல்லாத எலிகள் கடும் அழற்சியால் சீக்கிரமே இறக்கின்றன. ஆனால் ஏ20இன் வெட்டும் ஆற்றலை மட்டும் அகற்றிய எலிகள் பெரும்பாலும் நலமாகவே இருந்தன. யுபிக்விட்டின் சங்கிலியைப் பற்றிக்கொண்டு வேறெவரையும் அண்டவிடாமல் தடுப்பதே அதன் முதன்மை வேலையாக இருக்கலாம் என்ற எண்ணம் அதனால் வலுத்தது.

மூளையைப் பொறுத்தவரை நான் கூர்ந்து கவனிப்பது யுஎஸ்பி30ஐ. பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் பார்க்கின் என்னும் நொதி யுபிக்விட்டினை ஒட்டி, அதை அப்புறப்படுத்தச் சொல்கிறது. அதே சவ்வில் பதிந்திருக்கும் யுஎஸ்பி30 அதைக் கழற்றுகிறது. பார்க்கின் மரபணு பழுதானால் இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வரும். யுஎஸ்பி30ஐ அடக்கினால் பழுதான மைட்டோகாண்ட்ரியா மீண்டும் அகற்றப்படுகின்றன என்று 2014இல் காட்டப்பட்டதிலிருந்து மருந்து நிறுவனங்கள் இதன் பின்னால் ஓடுகின்றன. இந்த ஓட்டத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. இந்த நொதி ஓரிடத்தில் பதிந்து கிடப்பதால், அதைத் தடுப்பதன் விளைவும் பெருமளவு அந்த இடத்தோடு நிற்கும்.

எல்லா இலக்கும் அப்படி இடத்துக்குக் கட்டுப்பட்டது அல்ல. புரோட்டியசோமையே தடுக்கும் போர்டெசோமிப் 2003இல் மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மச்சைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதைத் தொடர்ந்து, புரோட்டியசோமோடு இணைந்த யுஎஸ்பி14, யுசிஎச்எல்5 ஆகிய இரண்டையும் குறிவைத்த விஎல்எக்ஸ்1570 என்னும் மருந்து அதே நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டபோது, கடுமையான நுரையீரல் பாதிப்பால் சோதனை நிறுத்தப்பட்டது. சிஸ்டீனை நாடும் வேதிப்பொருள்கள் எந்தச் சிஸ்டீனையும் பற்றக்கூடியவை. டப்களின் வெட்டும் மையங்களோ ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்தாற்போல் இருப்பவை. யுஎஸ்பி7ஐ மட்டும் தேர்ந்து பிடிக்கும் மூலக்கூறுகளின் கட்டமைப்புகள் 2017இல் வெளிவந்த பிறகே, தேர்ந்த தடுப்பு இயலும் என்ற தெம்பு இந்தத் துறைக்குப் பிறந்தது. டிஎன்ஏ பழுதுபார்ப்பில் ஈடுபடும் யுஎஸ்பி1இன் தடுப்பான்கள் இப்போது மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.

என்னை மிகவும் ஈர்த்தது 2022இல் வெளியான தலைகீழ் யோசனை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில் பெரும்பாலும் சிஎஃப்டிஆர் புரதத்தின் 508ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலம் ஒன்று விடுபட்டிருக்கும். அந்தப் புரதத்துக்கு ஓரளவு வேலை செய்யும் திறன் இருந்தும், மடிப்பு சரியில்லை என்று உயிரணுவின் தரக்கட்டுப்பாடு அதில் யுபிக்விட்டினை ஒட்டி அழித்துவிடுகிறது. ஒருமுனையில் ஓடியுபி1 என்னும் டப் நொதியையும் மறுமுனையில் அந்தச் சிஎஃப்டிஆரையும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு ஒன்றை ஆய்வாளர்கள் உருவாக்கினர். 48ஆம் லைசின் சங்கிலிகளை வெட்டுவதில் தேர்ந்த ஓடியுபி1, பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டதும், சிஎஃப்டிஆரிலிருந்து சங்கிலியைக் கழற்றியது. புரதத்தின் அளவு உயர்ந்தது. இங்கே எந்த நொதியும் தடுக்கப்படவில்லை, இருக்கும் நொதிக்கு முகவரி மட்டும் மாற்றித் தரப்படுகிறது. கூட்டிவரப்படும் டப் தன் வழக்கமான வேலையைக் கைவிடாமல் இருக்கவேண்டும், காக்கப்படும் புரதமும் காக்கத் தகுந்த அளவுக்கு இயங்கவேண்டும். இந்த இரண்டும் ஒருங்கே பொருந்தும் நோய்கள் எவை என்று தேடும் வேலைதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.