வவ்வாலுக்குப் பேசறவங்க லிச்சி மரத்தடிக்கும் வரணும்

நவம்பர் பொறந்தா மொரிஷியஸ்ல எந்த வீட்டுப் பேச்சும் லிச்சில ஆரம்பிச்சு வவ்வால்ல போய்தான் நிக்கும். எங்க மாமாவுக்கு கூட்லாண்ட்ஸ் பக்கம் வீடு, கொல்லையில ரெண்டு பெரிய மரம், ராத்திரி பூரா தகரத்தைத் தட்டிக்கிட்டே உக்காந்திருப்பார், விடிஞ்சு பாத்தா மரத்தடி முழுக்க மென்னு துப்பின சக்கை. அவர்கிட்ட போய் "மாமா அது அழிஞ்சிட்டு வர்ற இனம்"னு சொல்லிப் பாருங்க, அந்த வருஷம் உங்களுக்கு ஒரு லிச்சி கிடைக்காது.

ஆனா அழிஞ்சிட்டு வர்றது நிஜம்தான். இதோட இருந்த இன்னொரு பழந்தின்னி வவ்வால் இனம் 19ஆம் நூற்றாண்டுலயே போயாச்சு. (இங்கயே அழிஞ்சுபோன டோடோ பறவை கதைய நான் சொல்லல, அதான் எல்லா டீ-ஷர்ட்லயும் இருக்கே.) நம்ம காட்டு மரங்களோட விதையப் பரப்பறதே இதுதான், நல்ல காடுன்னு மிச்சம் இருக்கறதே தீவுல 2 சதவீதம் போல. 2015ல அரசாங்கமே சட்டத்தை மாத்தி அந்த வருஷமே 30,000க்கு மேல சுட்டாங்க, அப்புறமும் நிறுத்தல. வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி போடற ஜீவன், தாங்குமா? 2018ல உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் இதை இன்னும் மோசமான ஆபத்துப் பட்டியலுக்கு மாத்திருச்சு.

விஞ்ஞானிங்க அப்பவே கத்தினாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா கட்டுரை இங்கிலீஷ்ல, பேட்டி பிரெஞ்சுல, மாமா பேசறது இங்க எல்லாரும் வீட்டுல பேசற கிரியோல் மொழியும் கோயில்ல கொஞ்சம் தமிழும். அவர் காதுக்கு வந்தது "உன் பழத்தை விட வவ்வால் பெருசு"ங்கற மாதிரிதான்.

போன சீசன்ல ஒரு யுனிவர்சிட்டி பொண்ணு வந்துச்சு, கீழ விழுந்த பழத்தையெல்லாம் வவ்வால் கடிச்சது, குருவி கொத்தினது, காத்துல விழுந்ததுன்னு தனித்தனியா பிரிச்சு எண்ணுச்சு. வவ்வால் பங்குதான் ஜாஸ்தி, அதை மறைக்காம சொன்னதாலதான் மாமா மீதியக் காது குடுத்துக் கேட்டார்னு நினைக்கறேன். கொண்டைக்குருவியும் மைனாவும் இவ்ளோ தின்னுதான்னு அவருக்கே ஆச்சரியம்!

மொரிஷியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவுல பாருங்க, அங்க இருக்கற வவ்வால் இனம் 1970கள்ல நூத்துக்கும் கீழ போயிடுச்சு, இப்ப 20,000 அளவுக்கு இருக்கு. காட்டை மீட்டதோட, ஸ்கூல் ஸ்கூலா ஊர் ஊரா போய்ப் பேசினதுக்கும் அதுல பங்கு இருக்கு. அங்க லிச்சி வியாபாரம் இங்க மாதிரி இல்லைங்கறதையும் சொல்லிடணும், அதனால அப்படியே காப்பி அடிக்க முடியாது. தமிழ்நாட்டுலகூட சில ஊர்ல வவ்வாலுக்காக தீபாவளிக்கு வெடியே போடறதில்ல, ஆனா அங்க யாரோட வருமானமும் போகல.

அதனால என் கட்சி என்னன்னா, வவ்வாலுக்காக மினிஸ்ட்ரி வாசல்ல நிக்கற விஞ்ஞானிங்க, மானிய விலை வலை சீசனுக்கு முன்னாடியே கைக்கு வரணும்னு மாமாவுக்காகவும் அங்க நிக்கணும். காவடிக்குக் கூடற கூட்டத்துல ஒரு மேசை போட்டு கிரியோல்ல பேசுங்க, வேண்டாம்னு யாரு சொல்லப் போறா?

வலை வாங்கினவங்களுக்கு ஒண்ணு, மரத்தை முதல்ல கவாத்து பண்ணி குள்ளமாக்குங்க, அப்புறம் வலைய விறைப்பா இழுத்துக் கட்டுங்க. தொளதொளன்னு போட்டா வவ்வால் சிக்கிக்கும், பழமும் போகும்.