‘பார்டர்’ என்று எழுதாதீர்கள்

மூணாறுக்கு மூன்று நாள் போய்வர நான்கு பேருக்கு எங்கள் நிறுவனத் தலைமையகத்திடம் பாதுகாப்பு அனுமதி வாங்குவதற்கு எனக்கு இருபத்தாறு நாட்கள் பிடித்தன. அதில் ஒன்பது நாட்களை ‘பார்டர்’ என்ற ஒரே சொல் தின்றுவிட்டது என்பதை இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

நான் கம்பத்தில் குடியிருப்பவள். வேலை குமுளியில், ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தின் சிறிய கள அலுவலகத்தில். நாள்தோறும் லோயர்கேம்ப் வழியாக மலையேறிப் போய் இறங்கி வருகிறேன். கணக்குப் பார்ப்பதுதான் என் பணி. பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற பதவி, முன்பு அதைப் பார்த்தவர் மாற்றலாகிப் போனபோது தற்காலிகம் என்று சொல்லி என் தலையில் வைக்கப்பட்டது. அந்தத் தற்காலிகம் இரண்டாண்டைத் தாண்டிவிட்டது. சென்ற ஜூலையில் ஜெனீவாத் தலைமையகத்திலிருந்து ஒருவரும், நைரோபி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மருத்துவரும், டெல்லியிலிருந்து ஒருவரும், எங்கள் அலுவலகச் செவிலியர் ஒருவரும் சேர்ந்து மூணாறு மலையில் பெரியகானல் பக்கத்துத் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், உடல்நலக் கணக்கெடுப்பு நடத்துவதாக முடிவானது. பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள், காப்பீட்டு எண்கள், ரத்த வகை, வண்டிக்கான கேரள வரி ஆகியவை இரண்டே நாட்களில் கைக்கு வந்துவிட்டன. அந்த வேகத்தைப் பார்த்து ஏமாந்தேன்.

படிவத்தில் பயணப் பாதையை விவரிக்கும் இடத்தில், மதுரை விமான நிலையம், தேனி, போடி, போடிமெட்டு பார்டர் செக்போஸ்ட், பூப்பாறை, மூணாறு என்று எழுதினேன். எங்கள் ஊர்ப்பக்கம் பார்டர் என்பது பேருந்தில் நடத்துநர் கூவும் நிறுத்தத்தின் பெயர். அதைத் தாண்டிப்போய் மீன் வாங்கி வருகிறவர்கள் நாங்கள். தலைமையகத்தின் போர்ட்டலுக்கு அது தெரியாது. அந்தச் சொல்லைக் கண்டதும் அது எங்கள் பயணத்தை இரு நாடுகளுக்கு இடையிலான பயணம் என்ற வகைக்குள் தள்ளி, இரண்டாம் நாட்டின் விசா நகல், தூதரகத் தொடர்பு எண், எல்லை மூடப்பட்டால் வெளியேறும் திட்டம் என மூன்று புதிய பக்கங்களைத் திறந்துவைத்தது. தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்கள் என்று மண்டலப் பாதுகாப்பு ஆலோசகருக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து வந்த பதிலில், அப்படியானால் மறுபக்கத்தில் குழுவினர் எந்த நாணயத்தைக் கையில் வைத்திருப்பார்கள் என்று கேட்டிருந்தார். தொலைபேசியில் பேசித்தான் புரியவைக்க முடிந்தது. அதன் பிறகும், சமர்ப்பித்த படிவத்தைத் திருத்த வழியில்லை. ரத்துசெய்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும், பத்து வேலைநாள் கெடுவும் முதலிலிருந்து எண்ணப்படும் என்றார்கள். ஆகவே மாநில எல்லையில் வேலை பார்ப்பவர்கள் ஊர்ப் பெயர்களை மட்டும் எழுதுங்கள். பார்டர், செக்போஸ்ட் இரண்டும் வேண்டாம்.

அடுத்தது இடர் மதிப்பீடு. கண்ணிவெடி உண்டா, ஆயுதக் குழுக்களின் தடுப்புகள் உண்டா, ஆட்கடத்தல் நடக்கிறதா என்று முப்பத்தொரு கேள்விகள் இருந்தன. மழை, மலை, யானை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ‘பிற’ என்ற ஒரு கட்டம், அதிலும் இருநூறு எழுத்துகளுக்கு மேல் ஏறாது. எங்கள் பக்கத்து மலையில் ஆளைக் கொல்பவை அந்த மூன்றும்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது எழுபது பேர் போனார்கள். பெரும்பாலோர் கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்க் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக் கிடந்ததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. யானையைப் பற்றிக் கேட்டால், சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் 2023 மே மாதம் எங்கள் கம்பம் தெருவிலேயே ஓடியதை, 144 தடை போட்ட அந்த நாட்களை, நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

இதையெல்லாம் மனத்தில் வைத்து, மண்சரிவுக்கு நிகழக்கூடிய வாய்ப்பு 4, பாதிப்பு 5 என்று நேர்மையாக மதிப்பெண் போட்டேன். பெருக்கினால் 20; கட்டம் சிவப்பாகி, இயக்குநர் ஒப்புதல் இன்றி நகராது என்று நின்றுவிட்டது. நேர்மைக்குக் கிடைத்த பலன் அது. மதிப்பெண்ணைக் குறைத்துப் பொய் எழுதுவதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்த பின்னரே வழி தெரிந்தது: பயணம் முழுவதற்கும் ஒரே மதிப்பெண் போடாமல் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த நேரத்தில் போகிறோம், எந்த எச்சரிக்கை வந்தால் திரும்புகிறோம் என்பதை முதலில் எழுதி, அதற்குப் பின் மிஞ்சும் இடருக்கே மதிப்பெண் போட வேண்டும். வானிலை ஆய்வு மையத்தின் நிறங்கள் இதற்குக் கைகொடுத்தன. 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மழை என்றால் ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. ஆரஞ்சு என்றால் மாலை மூன்று மணிக்குள் தங்குமிடம் திரும்புவது, சிவப்பு என்றால் புறப்படாமலே இருப்பது என்று எழுதியதும் மதிப்பெண் 8 ஆக இறங்கிக் கட்டம் மஞ்சளானது.

விமானச் சீட்டைப் பற்றியும் ஒரு சண்டை நடந்தது. பணம் மிச்சப்படுத்துவதற்காக மதுரையில் பிற்பகல் மூன்றரைக்கு இறங்கும் விமானத்தைப் பதிவுசெய்திருந்தார்கள். அதில் வந்தால் போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில்தான் ஏற வேண்டும். இருட்டிய பின் பயணம் கூடாது என்பது அவர்களே போட்ட விதி. தேனியில் ஓர் இரவு தங்குவதற்கான செலவு திட்டத்தில் இல்லை என்று நிதிப் பிரிவு மறுத்தது. அவர்களுடைய விதியையே மேற்கோள் காட்டி இரு பிரிவுகளுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பிய பிறகு ஒரு மணி நேரத்தில் தேனி அறைக்கு ஒப்புதல் வந்தது. விதியை எழுதியவரையும் பணத்தைப் பிடித்திருப்பவரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள். தனித்தனியாக எழுதினால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டே இருப்பார்கள்.

உண்மையாகவே நான் பயந்தது செயற்கைக்கோள் தொலைபேசி விஷயத்தில்தான். கைபேசிக்கு அலைவரிசை இல்லாத இடத்துக்குப் போகும் குழு அதை எடுத்துச் செல்ல வேண்டும் என்பது தலைமையகப் பட்டியலில் கட்டாயம். இந்தியாவிலோ, தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கெடுபிடி இன்னும் இறுகியது. செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சின்னக் கருவியோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள்கூட விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். நான் இதை எழுதியபோது, இந்தியாவுக்கான எங்கள் குறிப்பேட்டில் அப்படி எதுவும் இல்லையே என்று பதில் வந்தது. குறிப்பேட்டில் இல்லாததால் சட்டம் இல்லாமல் போய்விடாது என்று சற்றுக் காரமாகவே பதில் எழுதினேன். நைரோபி மருத்துவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை வரை எல்லாவற்றையும் சரியாக எடுத்து வைத்திருந்தவர். அது இல்லாமல் கென்யாவிலிருந்து இங்கு வந்திறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் சின்னக் கருவி வழக்கம்போல் அவருடைய முதுகுப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. புறப்படும் நாளில் ஏதோ தோன்றி அவரை நேரில் அழைத்துக் கேட்டதால், விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த தம்பியிடம் அதைக் கொடுத்துவிட்டு ஏறினார். பட்டியலை அனுப்பியாகிவிட்டது என்று சும்மா இருக்க வேண்டாம்; வருகிறவரிடம் பையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கருவி இல்லை என்றால் மாற்று என்ன என்ற கேள்விக்கு விடை எங்கள் ஓட்டுநர் அண்ணனிடம் இருந்தது. இருபது வருடமாக அந்த மலையில் வண்டி ஓட்டுபவர். “டவரை நம்பாத தங்கச்சி. மழ வந்து கரண்டு போச்சுன்னா டவரும் போயிரும். லேண்ட்லைன் இருக்குற கடய எழுதிக்க” என்று பூப்பாறைக்கும் தேவிகுளத்துக்கும் இடையே மூன்று இடங்களைச் சொன்னார். அவற்றை எண்களோடு சேர்த்துப் படிவத்தில் எழுதினேன். டீக்கடைத் தொலைபேசியைக் கருவியாகக் கருத இயலாது என்று ஆலோசகர் ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். நான் அதை நீக்கவில்லை.

அந்த அண்ணனின் பெயர்தான் பயணிகள் பட்டியலில் ஏறவில்லை. அவர் ஊழியர் அல்லர், ஒப்பந்த வாகனத்தின் ஒரு பகுதி என்பது போர்ட்டலின் கணக்கு. வண்டியின் என்ஜின் எண்ணுக்குக் கட்டம் இருந்தது; ஓட்டுகிறவரின் பெயருக்கு இல்லை. நால்வருக்கும் மருத்துவ மீட்புக் காப்பீடு உண்டு, ஐந்தாவதாக முன்னிருக்கையில் இருப்பவருக்கு இல்லை. இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று உட்கார்ந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். 2012 ஜூனில் கென்யாவின் தாதாப் அகதி முகாமில் நார்வே அகதிகள் மன்றத்தின் வண்டிகள் தாக்கப்பட்டு நான்கு பணியாளர்கள் கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டீவ் டென்னிஸ் தொடுத்த வழக்கில் 2015 நவம்பரில் ஓஸ்லோ நீதிமன்றம் அந்த அமைப்பு கடுமையான அலட்சியத்துடன் நடந்துகொண்டது எனத் தீர்ப்பளித்தது. பயிற்சி வகுப்புகளில் எங்களுக்கு இந்தத் தீர்ப்பைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதே தாக்குதலில் ஓர் ஓட்டுநர் கொல்லப்பட்டார் என்பதை எந்த வகுப்பிலும் அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒரு வரியைக் கடிதத்தின் முடிவில் வைத்தேன். மூன்றாம் நாள், ஐந்தாவது பெயரைச் சேர்த்துக் காப்பீட்டு அட்டை வந்தது.

பட்டியலில் ஏறியதால் அவரும் ஆட்கடத்தல் உறைக்கான, அதாவது கடத்தப்பட்டால் மட்டும் பிரிப்பதற்காக ஒவ்வொருவரும் எழுதி ஒட்டித் தரும் உறைக்கான, கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டியதாயிற்று. உயிரோடு இருக்கிறார் என்று உறுதிசெய்ய, அவர் ஒருவரே சொல்லக்கூடிய விடைகள் அதில் இருக்க வேண்டும். முதலில் ஓட்டிய வண்டி எது என்று எழுதலாமா என்றேன். அது போடி முழுக்கத் தெரியும் என்றார். பிறகு, மனைவியை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதை எழுதுவதாகச் சொல்லி, என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு எழுதி, உறையைத் தானே ஒட்டினார்.

பயணத்தின் முதல் நாள் குறையின்றிக் கழிந்தது. இரண்டாம் நாள் காலையில் ஆரஞ்சு. மூன்று மணிக்குள் திரும்ப வேண்டியவர்கள், இன்னும் நான்கு வீடுகள்தான் என்று ஜெனீவாக்காரர் வற்புறுத்தியதால் நாலரைக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். அதற்குள் எச்சரிக்கை சிவப்பாகிவிட்டது. நலமாகத் திரும்பிவிட்டோம் என்று மாலை ஆறு மணிக்கு வர வேண்டிய செய்தி வரவில்லை. ஆறரைக்கும் இல்லை. ஐந்து கைபேசிகளும் அணைந்து கிடந்தன. ஏழு மணிக்குத் தலைமையகத்தின் அவசர எண்ணை அழைத்தேன். பணியிலிருந்த அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது, அடுத்த செய்திக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் உண்டு என்று அமைதியாகச் சொன்னார். நான் எழுதிய ஆறு மணியைப் போர்ட்டல் ஜெனீவா நேரமாக எடுத்துக்கொண்டிருந்தது. கோடையில் அது நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. பகலில் வந்த செய்திகளை நான் உடனுக்குடன் பதிவேற்றியதால் அந்த வேறுபாடு யார் கண்ணிலும் படவில்லை. இந்திய நேரம் என்று ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். எழுதிய பின், திரையில் என்ன காட்டுகிறது என்று மறுமுனையில் இருப்பவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு 04868 என்று தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. “தங்கச்சி, எல்லாரும் நல்லாருக்காங்க. மூணாறு போற கேப் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, அங்கிட்டுப் போக முடியல. நாந்தான் திருப்பிட்டேன். தொரை முணுமுணுத்தாரு, கேக்கல. பூப்பாறையில ரூம் பாத்தாச்சு. டாக்டரம்மா கட்டன்சாயா குடிக்கிறாங்க.” எனக்குப் பேச்சு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.

வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரப் படிவத்தை அரசிடம் பதிய வேண்டும் என்பதால் விடுதிக்காரர் தயங்கியிருக்கிறார். கடவுச்சீட்டு, விசா நகல்களை இரண்டு படிகளாக வண்டியிலேயே வைத்திருந்தது அங்கே உதவியது. மறுநாள் நெடுங்கண்டம் வழியாகக் குமுளிக்கு வந்து சேர்ந்தார்கள். உறைகளைத் திருப்பிக் கொடுத்தபோது அண்ணன் தன்னுடையதைப் பிரிக்காமலே நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பயணம் முடிந்த பின் நிரப்ப வேண்டிய அறிக்கையில், அவசரத் தொடர்புக்குப் பயன்பட்ட கருவி எது என்று கேட்டிருந்தது. பூப்பாறைச் சாலையில் உள்ள டீக்கடையின் தொலைபேசி, அழைப்பு ஒன்று, கடைக்காரர் காசு வாங்கவில்லை என்று எழுதி அனுப்பினேன். அந்தக் கருவியின் உடைமை எண்ணைக் குறிப்பிடவில்லை என்று நேற்று படிவம் திரும்பி வந்திருக்கிறது.