இருபது வயதில் சிறைக் காவலர்: நான் வந்த வழி

முக்கூடலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் தேர்வுப் பட்டியல் வெளியானது. எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு, "கிடைத்துவிட்டது அம்மா" என்றேன். "போலீஸா?" என்று கேட்டார். "இல்லை, சிறைக் காவலர்." இலையை மடித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அம்மாவின் கை நின்று நான் பார்த்தது அபூர்வம். "ஜெயிலா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு அப்பாவிடம், "பிள்ளையை எந்த வாசலுக்கு அனுப்பக் கூடாது என்று சாமி கும்பிட்டேனோ, அந்த வாசலுக்கே போகிறான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது முடிந்து இருபது நடந்துகொண்டிருந்தது. இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பிகள் பலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். நான் கடந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். சிறைக்குள் இருப்பவர்களின் விவரம் எதையும் எழுத மாட்டேன். எழுதவும் கூடாது.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று வேலைகளுக்கும் சேர்த்து ஒரே தேர்வு நடத்துகிறது. நான் எழுதியது 2022 நவம்பர் 27ஆம் தேதி நடந்த தேர்வு. மொத்தம் 3,552 இடங்கள், அதில் சிறைத்துறைக்கு 161 மட்டுமே. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் பதினெட்டு வயதும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 250 ரூபாய். துறைகளின் விருப்ப வரிசையில் நானும் எல்லோரையும் போலக் காவல்துறையைத்தான் முதலில் போட்டேன். என் மதிப்பெண்ணுக்குச் சிறைத்துறை கிடைத்தது.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்த் தகுதித் தேர்வு 80 மதிப்பெண். அதில் 32 எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தேர்வு 70 மதிப்பெண். பொது அறிவுக்கு 45, உளவியலுக்கு 25. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளிப் பாடநூல்களை வரி விடாமல் படித்தேன். பணம் கொடுத்து வாங்கிய வழிகாட்டி நூல்களை விட அவைதான் எனக்குக் கைகொடுத்தன.

உடல் தகுதித் தேர்வில் என்னைப் பாடாய்ப் படுத்தியது கயிறு ஏறுவது. 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பது தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவனுக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. உயரம் 170 சென்டிமீட்டர் தேறியது. மார்பு 81, மூச்சை இழுத்து நிறுத்தினால் ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும், அதுவும் தேறியது. கயிற்றில்தான் ஒரு நட்சத்திரத்துக்கு ஐந்து மீட்டர், இரண்டு நட்சத்திரத்துக்கு ஆறு மீட்டர் (நட்சத்திரம் என்பது மதிப்பெண்ணுக்கான தரக் குறி). ஆற்றங்கரைப் புளியமரத்தில் வடக்கயிற்றைக் கட்டி ஏறிப் பழகினேன். முதல் வாரத்தில் மூன்று மீட்டரைத் தாண்ட முடியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து, சோற்றைப் பிசையக்கூட முடியாமல் இருந்தேன். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். கையால் இழுத்து ஏறக் கூடாது, பாதங்களால் கயிற்றைப் பூட்டிக்கொண்டு உடம்பை நிமிர்த்த வேண்டும் என்று ஊரில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் அண்ணாச்சி ஒருவர் காட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு பத்தே நாளில் ஆறு மீட்டர் ஏறிவிட்டேன். யாராவது ஒரு முறை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் போதும். அந்த ஒருவரைத் தேடிப் போங்கள்.

அடுத்துச் சொல்லப்போவதை நம் பக்கத்துப் பிள்ளைகள் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும். உடல் தகுதியெல்லாம் முடிந்த பிறகு காவல் நிலையம் வழியாக நடத்தை விசாரணை வரும். என்னோடு அதே புளியமரத்தில் கயிறு ஏறியவன், ஓட்டத்தில் என்னை விட வேகமானவன், அந்த விசாரணையில் நின்றுபோனான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த தள்ளுமுள்ளில் அவன் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் ஏறியிருந்தது. அவன் யாரையும் தொடவில்லை, கூட்டத்தில் நின்றிருந்தான், அவ்வளவுதான். ஆனால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்திருந்தால்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படும் என்று விதி இருக்கிறது. வழக்கை மறைத்து விண்ணப்பித்தால் அதற்காகவே நீக்கிவிடுவார்கள். இன்றும் அவன் வீட்டைக் கடக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. கொடையில் சத்தம் கேட்டால் அங்கிருந்து நடையைக் கட்டுங்கள், தம்பிகளே. சாதிப் பெருமை பேசி உங்களைக் கூப்பிடுகிறவன் எவனும் உங்கள் வேலைக்குப் பொறுப்பேற்க மாட்டான்.

பயிற்சி மாதங்களில் கவாத்து, முதலுதவி, 1894ஆம் வருடத்துச் சிறைகள் சட்டம், 1983ஆம் வருடத்துத் தமிழ்நாடு சிறை விதிகள் எல்லாம் படித்தோம். உடம்பு களைத்தது, மனம் களைக்கவில்லை. முதல் பணியிடமாகப் பாளையங்கோட்டை மத்தியச் சிறை வந்தபோது ஆச்சிக்குத்தான் பெருமை. 1908இல் வ.உ.சி.யை அடைத்து வைத்த பாளையங்கோட்டைக்கே பேரன் போகிறான் என்று தெருவெல்லாம் சொன்னார்.

வாசலில் செல்பேசியை ஒப்படைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். பின்னால் கதவு சாத்தப்படும் சத்தம் முதல் நாள் என் முதுகில் விழுந்தது போல இருந்தது. கையில் லத்தியும் விசிலும்தான். நான் பூட்டப்போகிற மனிதர்களில் பாதிப் பேர் என் அப்பா வயது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? "வா, போ" என்றால் வாய் கூசியது. "ஐயா" என்றால் உடன் பணிபுரிகிறவர்கள் பார்த்தார்கள். தலைமைக் காவலர் ஒருவர், "பெயரைச் சொல்லி, 'வாங்க' என்று கூப்பிடு தம்பி. மரியாதை கொடுத்தால் யாரும் ஏறி மிதிக்க மாட்டார்கள், பயத்தைக் காட்டினால்தான் மிதிப்பார்கள்" என்றார். இன்று வரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

மாலையில் லாக்கப், அதாவது எல்லோரையும் அறைகளில் வைத்துப் பூட்டும் நேரம். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து எண்ண வேண்டும். முதல் நாள் எனக்கு ஒருவர் குறைந்தார். வயிற்றைப் பிசைந்தது. மறுபடி எண்ணினேன், இப்போது ஒருவர் கூடினார். வரிசையில் சிலர் முனகிச் சிரித்தார்கள். அப்போது அம்மா நினைவுக்கு வந்தார். கடையில் கொடுக்கும் முன் கட்டுக்கு 25 என்று பீடியை எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டார். ஒரு கட்டில் ஒன்று குறைந்தால் கூலியில் அல்லவா கைவைப்பார்கள். நானும் யார் முகத்தையும் பார்க்காமல் தோள்களை மட்டும் பார்த்து, உதடு அசைய எண்ணினேன். மூன்றாம் முறை சரியாக வந்தது.

எனக்கு மிகக் கடினமான நாள் நான்காம் மாதத்தில் வந்தது. புதிதாக வந்த விசாரணைக் கைதிகளின் வரிசையில் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர் உட்கார்ந்திருந்தார். பள்ளியில் என்னைக் கூப்பிடும் பட்டப்பெயரைச் சொல்லி அழைத்தார். பிறகு மெதுவாக, "அம்மாவிடம் நான் நல்லா இருக்கேன் என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடு" என்றார். அவர் வீடு எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒரு வார்த்தைதான். ஆனால் ஒரு வார்த்தைக்குப் பிறகு ஒரு கடிதம் வரும், கடிதத்துக்குப் பிறகு ஒரு பொட்டலம் வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. நேராகப் போய்த் தலைமைக் காவலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை வேறு பிளாக்குக்கு மாற்றச் செய்தார். சிறையின் நல அலுவலரிடமும் சொல்லி, வீட்டுக்கு முறைப்படி தகவல் போக வழி செய்தார். அன்று இரவு கோபுரப் பணியில் நின்றபடி அழுதேன். செய்தது சரி என்பதில் எனக்கு ஐயம் இல்லை, இருந்தும் அழுதேன்.

அடுத்த விடுமுறையில் முக்கூடல் பஸ்ஸில் அந்தக் கைதியின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ அவனைப் பார்த்தாயா, ராசா?" என்று கேட்டார்கள்.

"நீங்களே நேரில் வந்து மனு போட்டுப் பாருங்கள் அத்தை. அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள். காலையிலேயே வந்துவிடுங்கள், கூட்டம் குறைவாக இருக்கும்" என்றேன்.

அவர்கள் மடியிலிருந்த பையைத் திறந்து, ஆதார் அட்டை இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொண்டார்கள்.