கழுத்து ஃப்யூஷனுக்குப் பிறகு: எதற்குப் பயந்தேன், எதற்குப் போன் செய்தேன்

எனக்கு நடந்தது கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து செய்யும் ஃப்யூஷன், அதாவது கழுத்து எலும்புகளை ஒன்றோடொன்று சேரவைக்கும் ஆபரேஷன். சி5-சி6, சி6-சி7 என்று (கழுத்தின் ஐந்து, ஆறு, ஏழாவது எலும்புகளுக்கு நடுவே) இரண்டு இடத்தில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் கேஜ் என்ற சின்னக் கூட்டை வைத்து, முன்னால் டைட்டானியம் பிளேட்டை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். வலது கையில் கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போய், போர்டில் எழுதும்போது சாக்பீஸ் தானாக நழுவ ஆரம்பித்த பிறகுதான் சம்மதித்தேன். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்னென்ன தொந்தரவு வரும் என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

முதல் இரவு ஐசியூவில் சிஸ்டர் அடிக்கடி வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "மூச்சு நல்லா விட முடியுதா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே இரத்தம் கட்டினால் மூச்சுக்குழாயை அழுத்திவிடும், பெரும்பாலும் அது முதல் ஒன்றிரண்டு நாளுக்குள்தான் நடக்கும். அதனால்தான் அவ்வளவு கவனம் என்று காலையில் சொன்னார். இரவே சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்கவே மாட்டேன்.

வலி என்று பார்த்தால் கழுத்தில் அவ்வளவாக இல்லை. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவேதான் உயிர் போனது. கத்தியே படாத இடத்தில் எதற்கு வலிக்க வேண்டும்? ஏதோ தப்பாகிவிட்டது என்றே நினைத்தேன். சர்ஜன் விளக்கினார்: தேய்ந்து ஒட்டிப்போன இடைவெளியை கேஜ் வைத்துப் பழைய உயரத்துக்குத் தூக்கியதில், பின்பக்க மூட்டும் தசையும் இழுபடுகின்றன, அந்த வலி முதுகில்தான் தெரியும். அப்போது அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குக் கடைசிவரை உதவியது. "எவ்வளவு வலிக்குதுன்னு சொல்லாதீங்க டீச்சர். நேத்தைக்கு இன்னிக்கு கூடுதா குறையுதான்னு சொல்லுங்க." அன்றிலிருந்து ஒரு நோட்டில் காலையும் மாலையும் ஒரு வரி எழுதி வைத்தேன்.

சாப்பாடு பெரிய பாடு. உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் எலும்புக்குப் போகிறார்கள். அதனால் விழுங்கும்போது தொண்டையில் கட்டி இருப்பதுபோல் தெரிவது சகஜம். இட்லி சிக்கிக்கொண்டது, குழைந்த ரசம் சாதம் இறங்கியது. பெரிய கால்சியம் மாத்திரையைப் பொடித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் எல்லா மாத்திரையையும் அப்படிப் பொடிக்கக் கூடாது, பெயரில் எஸ்ஆர் என்று இருப்பவை மெதுவாகக் கரைய வேண்டியவை. மருந்துச் சீட்டைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

இதெல்லாம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டுதான் வந்தது. ஒன்று மட்டும் கூடியது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. குரல் முதலிலிருந்தே கரகரத்துத்தான் இருந்தது, இப்போது காற்றாகவே வந்தது. அத்தோடு லேசான காய்ச்சல். அத்தை, "தொண்டையில டியூப் போட்டதுனால இருக்கும், மிளகுக் கஷாயம் வைக்கிறேன்" என்றார். எனக்கு நோட்டைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து ஆபரேஷன் செய்த மதுரை ஆஸ்பத்திரிக்கு நூறு கிலோமீட்டர் இருக்கும், வீணாக அலைய வேண்டுமா என்ற யோசனையும் இருந்தது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நெஞ்சு வலிக்கிறதா, கழுத்து வீங்கியிருக்கிறதா, தையலில் நீர் வடிகிறதா என்று கேட்டுவிட்டு, எதற்கும் இல்லை என்று சொன்ன பிறகும், "உடனே கிளம்பி வாங்க" என்றார்கள்.

எக்ஸ்ரேயில் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஸ்க்ரூ தளர்ந்து வெளியே வந்தால் உணவுக்குழாயில் ஓட்டை விழலாம். அபூர்வம், ஆனால் ஆபத்து. முதலில் அதைத்தான் பார்த்தார்கள். காய்ச்சலுக்குக் காரணம் சிறுநீர்த் தொற்று, அது தனிக்கதை. இஎன்டி டாக்டர் மூக்கு வழியாக ஸ்கோப் விட்டுப் பார்த்து, வலது குரல்நாண் சரியாக அசையவில்லை என்றார். அதற்குப் போகும் நரம்பு ஆபரேஷனில் இழுபட்டிருக்கும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்திலோ மாதத்திலோ திரும்பிவிடும் என்று தைரியம் சொன்னார். குரல்நாண் முழுதாக மூடாததால் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறதாம். பொதுவாக இதற்குத் தாடையைக் கீழே தாழ்த்தி விழுங்கச் சொல்வார்கள். அசையாமல் இருக்கக் காலர் பட்டை போட்ட கழுத்தை எங்கே தாழ்த்துவது? அதனால் கெட்டியாகக் குடிக்கச் சொன்னார்கள். ராகிக்கூழ் அழகாக இறங்கியது. தண்ணீரைக் கொஞ்ச நாள் ஸ்பூனால்தான் குடித்தேன்.

அப்புறம் கையில் பழைய கரண்ட் அடிப்பது திரும்ப வந்தது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதே போயிருந்த வலி அது. மூன்று வாரம் கழித்து விர்ரென்று மணிக்கட்டு வரை இறங்கியதும், எல்லாம் வீண் என்று அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கித் தரட்டுமா என்றார். அந்த வகை மாத்திரை எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தலாம் என்று எனக்கு ஆகாது என்றிருந்தார் சர்ஜன். இன்னொருவர் சுளுக்கு எடுப்பவர் ஒருவரைச் சொன்னார். ஸ்க்ரூ போட்ட கழுத்தைத் தொடவா! கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

இந்த வலிக்கு மதுரை ஓடவில்லை, போனில் பேசினேன். நசுங்கிக் கிடந்த நரம்பு விடுபட்ட பிறகும் இப்படிக் கொஞ்ச நாள் துடிக்கும், மரமரப்பு எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் போகும் என்றார்கள். வலியைவிட பலத்தைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. தோளிலிருந்து கையைத் தூக்க முடியாமல் போவது, விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இதில் எது புதிதாக வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பதும் அப்படித்தான். தினமும் சேலைக்கு ஊக்குக் குத்தும்போது விரல் சொன்னபடி கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஒரு நாளும் தடுமாறவில்லை.

காலரோடு இருந்த நாளில் சிரமமாகப் பட்டது வேறு. தலையாட்டாமல் நம் ஊரில் ஒருவரோடு பேசிப் பாருங்கள், கோபத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆறு மாத எக்ஸ்ரேயில் மேல் இடம் நன்றாகச் சேர்ந்துவிட்டது, கீழே இன்னும் கோடு தெரிகிறது. முழுதாகச் சேர ஒரு வருடம் வரை ஆகலாம் என்பதால் சர்ஜன் கவலைப்படவில்லை. குடம் தூக்க இன்னும் அனுமதி இல்லை. குரல் முக்கால்வாசி வந்துவிட்டது. ஐந்தாவது பீரியடுக்கு மேல் கம்முவதால் இடுப்பில் மாட்டும் சின்ன மைக் வாங்கியிருக்கிறேன். கடைசி பெஞ்சுப் பையன்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை.