கல்லுக்குத் தண்ணீர்

கோயம்புத்தூரில் எங்கள் மரப்பட்டறையில் உளி, இழைப்புளித் தகடுகளுக்குச் சாணை பிடிக்கும் பொறுப்பு பன்னிரண்டு வருஷமாக என்னுடையது. முதலில் பெஞ்ச் கிரைண்டர்தான் இருந்தது. நிமிஷத்துக்கு 2,800 சுற்று. கொஞ்சம் அசந்து அழுத்தினால் உளியின் நுனி நீலம் பாரித்துவிடும். சூடு 300 டிகிரி வரை போயிருக்கிறது, பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நீலம் முழுக்கத் தேய்ந்து தீரும்வரை கூர் நிற்காது. அதனால்தான் தண்ணீரில் ஓடும் சாணை மெஷினுக்கு மாறினோம். ஸ்வீடனில் 1973-ல் தொடங்கிய டார்மெக் என்ற கம்பெனி பிரபலமாக்கிய அமைப்பு அது. எங்களுடையது அதே மாதிரியில் வந்த வேறொன்று. 250 மி.மீ. கல், அடிப்பாகம் தண்ணீர்த் தொட்டியில் முங்கியபடி நிமிஷத்துக்கு 90 சுற்றுதான்.

இந்த மெஷினில் என் கண் இரும்பைவிடத் தண்ணீர் மேல்தான் இருக்கும். உளியின் சாய்வில் பின்பகுதி மட்டும் கல்லில் படும்வரை, தண்ணீர் அடியிலேயே வழிந்து தொட்டிக்குத் திரும்பிவிடும். கருக்கு, அதாவது வெட்டும் விளிம்பு, கல்லைத் தொட்ட நொடியில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து உளியின் மேல்முகத்தில் மெல்லிய தாளாக ஏறும். ஒரு மூலையில் மட்டும் ஏறினால் உளி கோணலாக இருக்கிறது. அகலம் முழுக்க ஒரே சீராக ஏறினால் கூர் வரப்போகிறது. எந்த அளவுகோலையும்விட இதைத்தான் நம்புகிறேன்.

காய்ந்த கல் நன்றாகக் குடிக்கும். தொட்டி நிறைய ஊற்றி ஓட்டினால் சில நிமிஷத்தில் மட்டம் இறங்கிவிடும். மறுபடி ஊற்றிய பிறகே உளியை வைப்பேன். புதுப் பையன்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள்.

தண்ணீரை எடுக்கும் விஷயத்தில்தான் நாங்கள் பெரிய தப்பு செய்தோம். முதல் இரண்டு வருஷம் வேலை முடிந்ததும் தொட்டியைக் கீழே இறக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போவோம். கல்லின் அடிப்பாகம் ராத்திரி முழுக்க ஊறும். அந்த ஈரம் நடுத்துளை வழியாகத் தண்டுக்குப் போகும். அது சாதாரண இரும்புத் தண்டு. கல்லை மாற்றலாம் என்று நட்டைக் கழற்றிய அன்று கல் அசையவே இல்லை. துருவில் ஒட்டிப்போயிருந்தது. இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். மூன்றாம் நாள் பொறுமையில்லாமல் மரச்சுத்தியலால் தட்டினேன், கல் விண்டுவிட்டது. இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்க வேண்டிய கல். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கல்லைக் கழற்றி, தண்டைத் துடைத்து, கிரீஸ் தடவித்தான் மாட்டுகிறேன். தொட்டி தினமும் சாயங்காலம் இறங்கிவிடும்.

கசடு இன்னொரு தொல்லை. கல்தூளும் இரும்புத்தூளும் கலந்த சாம்பல் நிறச் சேறு, காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். ஒருமுறை வாஷ்பேசினில் கொட்டி, குழாயையே அறுத்து மாற்ற வேண்டி வந்தது. இப்போது ஒரு வாளியில் ஊற்றித் தெளியவைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் வெளியே விடுகிறோம். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பாலிதீன் கவரில் சுற்றித் தொட்டிக்குள் போட்டிருக்கிறேன். சாயங்காலம் எடுத்தால் இரும்புத்தூள் அதன்மேல் கறுப்பு மயிராக நிமிர்ந்து நிற்கும். கவரை உரித்தால் காந்தம் சுத்தமாக வந்துவிடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்ததும் கல்லிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படியும். துடைக்க மறந்த உளியில் மறுநாள் காலையிலேயே செம்புள்ளி தெரியும். சிறுவாணித் தண்ணீருக்கு மாறிய பிறகு அந்த வெள்ளைப் படிவு இல்லை. ஆனாலும் சாணை பிடித்த உளியை உடனே துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவாமல் பெட்டியில் வைக்க மாட்டேன்.

பெரிய ஆசாரிக்கு இதில் மனசே ஒப்பவில்லை. "ஏனுங்க தம்பி, குடிக்கற தண்ணியப் போயி கல்லுக்கு ஊத்தறீங்களே?" என்றார். தொட்டியைக் காட்டினேன், ஒரு சொம்புத் தண்ணீர்கூட முழுசாகப் பிடிக்காது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் அவரே ஒரு கேனில் சிறுவாணித் தண்ணீர் பிடித்துவந்து மெஷின் பக்கத்தில் வைத்தார். மேலே சாக்பீஸால் 'கல்லுக்கு' என்று எழுதியிருந்தது.