தனியாக வளர மறுக்கும் கிருமி

ஆய்வகத்தில் என் பொறுப்பில் இருப்பது, உடலுறவால் பரவும் சிஃபிலிஸ் நோயை உண்டாக்கும் டிரெப்போனீமா பாலிடம் என்ற பாக்டீரியா. இதற்கு எதிரான புது மருந்துகளைச் சோதிப்பதுதான் என் வேலை. 1905-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் ரொம்ப காலம் முயலின் விரையில் ஏற்றித்தான் வளர்க்க வேண்டியிருந்தது. 2018-ல்தான் டெக்சாஸில் டயான் எட்மண்ட்சன், ஸ்டீவன் நோரிஸ் குழுவினர் முயல் செல்களோடு சேர்த்துக் குடுவையிலேயே தொடர்ந்து வளர்த்துக் காட்டினார்கள். எத்தனை முயல்கள் பிழைத்தன என்று நினைக்கும்போதெல்லாம் அவர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

கொழுப்பு அமிலங்களைக்கூடச் சொந்தமாகத் தயாரிக்கத் தெரியாத கிருமி இது. 34 டிகிரி வெப்பம், 1.5 சதவீத ஆக்சிஜன், ஒட்டிக்கொள்ள உயிருள்ள செல்கள் எல்லாம் வேண்டும். அப்போதும் இரட்டிப்பாக ஒன்றரை நாள் ஆகிறது; குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாத அளவுக்கு மெலிசு. பின்னணியை இருட்டாக்கிக் காட்டும் டார்க் ஃபீல்ட் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கருப்புப் பின்னணியில் வெள்ளிக் கம்பிச் சுருள்போல முறுக்கிக்கொண்டு நகரும். அசைகிறதா, அசையவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணுவேன்.

பென்சிலின் இன்னமும் நன்றாக வேலை செய்யும்போது புது மருந்து எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், ஊசிக்கு அவ்வப்போது தட்டுப்பாடும் வருகிறது. மாற்றாகத் தந்துகொண்டிருந்த அசித்ரோமைசினுக்கோ கிருமி பல இடங்களில் பழகிவிட்டது.

மருந்தைச் சேர்த்து ஒரு வாரம் விட்டு எண்ணுகிறோம். அப்புறம் மருந்தில்லாத புது செல்களுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வளராமல் நிற்பது வேறு, சாவது வேறு. இதைவிட எனக்குக் கவலை தருவது முயல் செல்கள்தான். மருந்து அவற்றைக் கொன்றுவிட்டால் கிருமியும் கூடவே போய்விடும், பெயர் மட்டும் மருந்துக்குக் கிடைக்கும். அதனால் கிருமியில்லாத செல்களுக்கும் அதே அளவு மருந்தைக் கொடுத்துப் பார்க்காத எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக் இந்தக் குடுவையிலும் முயலிலும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 2024-ல் வெளியான மருத்துவ ஆய்வில், தினம் ஒரு வேளை வீதம் 5 நாள் கொடுத்தபோது சுமார் 70 சதவீதம் பேருக்குத்தான் பலன் தெரிந்தது. குடுவையில் ஊற்றிய மருந்தை யாரும் வெளியேற்றுவதில்லை. உடம்பிலோ லினசோலிட் ஏறக்குறைய 5 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சரி, குடுவையிலும் மருந்தின் அளவை அப்படியே ஏற்றி இறக்கிப் பார்த்துவிடலாம் என்று, செல்கள் வளரும் திரவமான மீடியத்தை மாற்றும் நேர அட்டவணையைப் போட ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அதிக ஆக்சிஜன் உள்ளே புகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.